கத்தரிக்காய்க்கு மஞ்சள் பட்டை

ஒதீல் மார்ஷே பலூன் தைக்கிறவள். பாரிஸைத் தாண்டி, ஸேன் நதிக்கு அக்கரையில், ஸேன்-க்ளூ மேட்டில் இருந்த வெர்னூ கொட்டகைக்கு அவள்தான் தலைமைத் தையல்காரி. பெரிய பொறுப்பு. ஆனாலும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பூலோன் சந்தையில் அவள் பெயரை எடுத்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். வானத்தில் பறக்கிற சாமானைப் பன்னிரண்டு வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தவள், ஒரு தடவைகூடத் தரையை விட்டு எழும்பியதில்லை.

"என்ன ஒதீல், மேல போயிட்டு வந்தாச்சா?" என்று மீன்காரி ஆர்மாந்த் வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்பாள்.

"போவேன், போவேன். நீ மொதல்ல நல்ல மீனாக் காட்டு. இது செத்து எத்தனை நாளாச்சோ."

"செத்தா என்ன? உன் பலூனை விட இது நல்லாவே பறக்கும், எடுத்துக்கோ."

சுற்றி நிற்கிற சலவைக்காரப் பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். ஒதீலும் சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்து மீனின் செதிலைச் சுரண்டுகிறபோதுதான் அவள் கோபம் தெரியும். செதில் கூரை வரைக்கும் தெறிக்கும்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் செய்த எதுவும் முதல் தடவை மேலே போகும்போது, அதைத் தைத்தவளும் கூடவே ஏற வேண்டும். இது முதலாளி வெர்னூ போட்ட சட்டமில்லை. கயிறு பிடிக்கிற ஆட்கள் போட்டது. வாயு நிரப்பிய பலூனைக் கிளம்பும் நேரம் வரை இழுத்துப் பிடித்து நிறுத்த முரட்டுக் கைகள் வேண்டும். பூலோன் சலவைக்கூடங்களில் ஈரத்துணி மூட்டை தூக்குகிறவர்களைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குக் கூப்பிடுவார்கள். எப்போதோ ஒரு காலத்தில், அவர்கள் கண்ணெதிரே ஒரு பலூன் தையல் விட்டுக் கிழிந்து, உள்ளே இருந்தவர் விழுந்து செத்தார். அன்றிலிருந்து, தைத்தவள் ஒரு காலையாவது கூடைக்குள் வைக்கும் வரை அவர்கள் கயிற்றைத் தொட மாட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மந்திரியே வந்து கெஞ்சினாலும் அப்படியேதான் நிற்பார்கள்.

அந்த ஆட்களுக்குத் தலைவன் ஃபிர்மேன். ஒதீலின் புருஷன்.

ஆக, ஒதீல் ஏறுவது அவளுடைய வேலையிலேயே ஒரு பாகம். ஆனால் விதி ஒத்துழைக்க வேண்டுமே! வெர்னூவின் முதல் பலூனைக் காற்று பக்கத்துக் கஷ்கொட்டை மரத்தில் கொண்டுபோய்க் குத்தியது. இரண்டாவது, வாயு நிரப்பும்போதே வெடித்தது. மூன்றாவதில் அவள் வலது காலைக் கூடைக்குள் வைத்தும் விட்டாள். ஃபிர்மேனின் ஆட்கள் கயிற்றை எடுத்தும் விட்டார்கள். அப்போது பிடித்தது பார் ஒரு ஆலங்கட்டி மழை! அதற்கப்புறம் அவளுடைய வலது காலுக்கு மட்டும் வீட்டில் தனி மரியாதை. "உன் வலது காலை நகர்த்து, ஆகாயம் போக இருந்த காலாச்சே" என்பான் ஃபிர்மேன், கட்டிலில் இடம் பத்தாதபோதெல்லாம்.

ஒதீல் இந்த வேலைக்கு வந்ததே குடையால்தான். இருபது வயதில் பாரிஸில் ஒரு குடைக்கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். மழைக்கு ஒதுங்கிய வெர்னூ, மேஜை மேல் அவள் அடுக்கி வைத்திருந்த துணிப் பட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில் அகன்று நுனியில் கூம்பிய பட்டைகள். எலும்புக்கூடு மாதிரி ஆள், மீசை மட்டும் இரண்டு பேருக்குக் காணும்.

"மதாம், இதே மாதிரி ரொம்பப் பெரிசா வெட்ட முடியுமா?"

"எவ்வளவு பெரிய மழைக்கு?"

"மழைக்கு இல்ல. பலூனுக்கு."

"பலூன்னா என்ன, கவுத்து வச்ச குடைதானே? வெட்டிட்டாப் போச்சு," என்றாள் ஒதீல். மறு வாரம் கொட்டகைக்கு வந்துவிட்டாள்.

வந்தபின்தான் அது குடை இல்லை என்று புரிந்தது. பருத்திப் பட்டைகளின் ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்துத் தைக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காய்ச்சிய வார்னிஷை அதன் மேல் பூச வேண்டும், காய வேண்டும், மறுபடி பூச வேண்டும். கடைசியில் துணி பழுப்பும் ஊதாவுமாகப் பளபளக்கும். உச்சியில் வைக்கிற வால்வின் இடுக்கை அடைக்கக் கொழுப்பும் ஆளிவிதை மாவும் பிசைந்த பசை. சளிக்கு நெஞ்சில் பத்துப் போடுவார்களே, அதே மாவுதான். ஃபிர்மேனுக்கு இருமல் வந்தால் ஒதீல் கொட்டகையிலிருந்தே கொஞ்சம் எடுத்து வருவாள். "நேத்து எதுக்குப் பூசின மிச்சம் இது?" என்று கேட்டுவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவான்.

வெர்னூவின் நான்காவது முயற்சி பலூன் இல்லை, ஆகாயக் கப்பல். நீளமாக இருக்கும். கீழே கூடையில் பெட்ரோல் எஞ்சின் ஓடும், பின்னால் விசிறி சுற்றும். காற்று இழுத்த பக்கம் போகாமல், போன இடத்திலிருந்து திரும்பி வருகிற கப்பல். மேட்டிலிருந்து கிளம்பி, ஆற்றைத் தாண்டி, பூலோன் மாதா கோயில் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, கிளம்பிய முற்றத்திலேயே இறங்க வேண்டும் என்பது அவர் கனவு. பேர் என்னவோ நீளமாக லத்தீனில் வைத்திருந்தார். தையல்காரிகள் அதன் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துக் கத்தரிக்காய் என்றார்கள். ஒரு மாதத்தில் அவருமே கத்தரிக்காய் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ப்ரொஸார் கொட்டகை. ப்ரொஸாரும் ஆகாயக் கப்பல்தான் கட்டினார். குண்டு மனிதர், எப்போதும் சிவந்த முகம். அவரும் வெர்னூவும் பத்திரிகையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள். அன்று மத்தியானமே சுவரில் ஏணி சாத்தியிருக்கும். வெர்னூவின் ஊதுவிசிறி ப்ரொஸாருடையது. ப்ரொஸாரின் வாயுக்குழாய் வெர்னூவுடையது. இருவருக்கும் பொதுவாக இருந்த நங்கூரம் முதலில் யார் வாங்கியது என்று இருவருக்குமே மறந்துவிட்டது. இரும்புத் தூளில் அமிலம் ஊற்றி ஹைட்ரஜன் எடுக்கிற பீப்பாய் வண்டியோ இன்னும் இரண்டு கொட்டகைகளுக்கும் சேர்த்துப் பொது, முறை வைத்து வரும். பறக்கிறேன் என்று கிளம்பிய அந்தப் பைத்தியங்களில் ஒருவரிடமும் முழுசாக ஒரு பலூனுக்கு வேண்டிய சாமான் கிடையாது. எல்லாரிடமும் சேர்த்தால் இருந்தது.

பெண்கள் மட்டும் அந்தச் சுவரைத் தாண்டியதில்லை. அந்தப் பக்கத்துத் தலைமைத் தையல்காரி கிளெமான்ஸ், ஒதீலுக்கு ஆகாது. ஒதீல் மடித்துத் தைக்கிறவள். கிளெமான்ஸ் மடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மூன்று வரிசை ஓட்டுகிறவள். இது போதாதா விரோதத்துக்கு!

அந்தச் செப்டம்பரில் பீப்பாய் வண்டி வெர்னூவின் முறைக்கு வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை வரைதான். அப்புறம் அது போனால் அடுத்த வசந்தத்தில்தான் திரும்பும். அதுவரை கொட்டகையைத் திறந்து வைக்க வெர்னூவால் ஆகாது, பூட்டுத்தான். ஒதீலுக்கு அது நன்றாகத் தெரியும். இந்த ஞாயிறு கிளம்பாவிட்டால் அவள் மறுபடி குடை வெட்டப் போக வேண்டியதுதான். ஆர்மாந்திடம் ஆயுசுக்கும் பதில் சொல்ல முடியாது.

இதற்கு நடுவில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளெமான்ஸ் குரல் கொடுத்தாள்.

"மதாம் ஒதீல், எங்க முதலாளி சனிக்கிழமையே ஊருக்குக் கப்பலைக் காட்டறார். வாயு வண்டி உங்க முறை, அதனால வெறும் காத்தை நிரப்பி, தரையிலயே எஞ்சினை ஓட்டப்போறார். ஆனா எங்க கப்பல் முழுசா முடிஞ்சாச்சு. வந்து கைதட்டிட்டுப் போங்க."

ஒதீலுக்குச் சுருக்கென்றது. கடைசிப் பூச்சு பூசிய கத்தரிக்காய் மாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக மழை. காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தை வைத்துப் பார்ப்பது அவர்கள் பழக்கம். ஒட்டினால் காயவில்லை. ஒதீல் வெளிப்பக்கம் கன்னத்தை வைத்தாள், ஒட்டவில்லை. உட்பக்கம் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? பார்த்தால் ஒட்டும் என்று அவளுக்கே தெரியும், அதனால்தான்.

"மடிங்கடி. கீழ கொட்டகைக்குக் கொண்டு போகலாம்," என்றாள்.

காயாத எண்ணெய்த் துணியை மடித்து அடுக்கினால் அது தானாகவே சூடேறும். நெருப்பு வைக்க வேண்டாம், காற்றுப் போகாமல் மூட்டை கட்டினாலே போதும். புதுசாக வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒதீல் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே இதுதான். அவளே மடித்துக் கட்டினாள்.

வியாழன் காலை கொட்டகையைத் திறந்ததும் வறுத்த எண்ணெய் நாற்றம் அடித்தது. மூட்டைக்குள் கையை விட்டாள். ரொட்டி அடுப்புச் சூடு. பெண்களைக் கத்திக் கூப்பிட்டு எல்லாருமாகப் பிரித்துப் போட்டார்கள். மேல் மடிப்புகள் தப்பித்திருந்தன. நடுவில் இருந்த பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருகி, இழுத்த இடமெல்லாம் அப்பளமாக உடைந்தன.

வெர்னூ ஓடி வந்தார். ஒதீல் அவர் வாயைத் திறக்க விடவில்லை.

"நான்தான் முதலாளி. உள்பக்கம் காயல. தெரிஞ்சேதான் மடிச்சேன். அந்த மதாம் முன்னால எனக்குத் தாங்கல."

வெர்னூ மணல் மூட்டை மேல் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மீசையை நனைத்துக்கொண்டு அழுதார். ஒதீலுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"துணி இருக்கு. தைக்கிறதுக்கு நாங்க இருக்கோம்," என்றாள்.

"வார்னிஷ் காய வேணாமா, மதாம்? ஞாயித்துக்கிழமைக்குள்ள எந்தச் சூரியன் வந்து காய வைக்கப் போகுது?"

ஒதீல் கருகிய பட்டைகளை எண்ணத் தொடங்கினாள்.

பதில் சுவருக்கு மேலிருந்து வந்தது. நாற்றம் அந்தப் பக்கமும் போயிருந்தது. ப்ரொஸார் ஏணியில் ஏறி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்று விடியும்போதே இடி. ஓட்டிக் காட்ட வைத்திருந்த எஞ்சின் நடுவில் விரிசல் விட்டு, கப்பல் கொட்டகையோடு படுத்துவிட்டது.

"யோவ் வெர்னூ, எத்தனை பட்டை போச்சு?"

"பதினொண்ணு."

"எங்கிட்ட காஞ்ச பட்டை தொங்குது. மாத்துக்கு வச்சிருந்தது. மஞ்சள் நிறம். பரவாயில்லையா?"

வெர்னூ எழுந்து நின்றார். "என்னைப் போன வாரம்தான் கோமாளின்னு எழுதினீங்க."

"கோமாளிதான், அதுல மாத்தமில்ல," என்றார் ப்ரொஸார். "ஆனா ஒண்ணு. நீ விழுந்தா வெர்னூ விழுந்தான்னு எவன் எழுதப்போறான்? ஆகாயக் கப்பல் விழுந்துச்சுன்னுதான் எழுதுவான். நீ பறந்தாலும் அதே மாதிரி. அந்த ஆகாயக் கப்பல்ல எனக்கும் பங்கு இருக்குய்யா."

மஞ்சள் பட்டைகள் சுவரைத் தாண்டி வந்தன. பின்னாலேயே, பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி கிளெமான்ஸ் ஏணியில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய பெண்கள், தலையில் தையல் இயந்திரங்களோடு.

"என் துணியை இன்னொருத்தி தைக்க விடமாட்டேன். எங்க உட்காரட்டும்?" என்றாள்.

உட்கார்வதற்கு முன்பே சண்டை ஆரம்பித்தது. மடித்துத் தைப்பதா, மூன்று வரிசை ஓட்டுவதா? இரண்டு பக்கத்துப் பெண்களும் கத்தரிக்கோலை நீட்டி நீட்டிப் பேசினார்கள். மணல் மூட்டை இறக்க வந்த ஃபிர்மேன் காதைப் பொத்திக்கொண்டான்.

"ரெண்டு மாதிரியும் ஒரு துண்டு தைச்சுக் குடுங்க. நாங்க இழுத்துப் பாக்கறோம். எந்தத் தையல் விட்டுச்சோ அவ வாயை மூடணும்."

தைத்துக் கொடுத்தார்கள். ஃபிர்மேனும் இன்னொரு தடியனும் எதிரெதிரே நின்று, கால்களை ஊன்றி இழுத்தார்கள். டர்ரென்று கிழிந்தது. துணிதான் கிழிந்தது, ஒதீலின் தையல் அப்படியே இருந்தது. கிளெமான்ஸின் துண்டை இழுத்தார்கள். அதிலும் துணிதான் போனது.

"ஆக ரெண்டு பேருமே வாயை மூடணும்," என்றான் ஃபிர்மேன். அந்தக் கொட்டகையில் அன்று கேட்ட முதல் சிரிப்பு அது.

வெள்ளியும் பாதிச் சனியும் தைத்தார்கள். வெங்காய சூப் இந்தப் பக்கத்தது, முயல் குழம்பு அந்தப் பக்கத்தது. சனிக்கிழமை மத்தியானம் ஊதுவிசிறியால் வெறும் காற்றை நிரப்பி, கப்பலைக் கொட்டகைக்குள்ளேயே உப்ப வைத்தார்கள். இனி ஓட்டை பார்க்க வேண்டும். அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைய வேண்டும். உள்ளே இருட்டாக இருக்கும். ஊசிமுனை ஓட்டை இருந்தால்கூட வெளிச்சம் நட்சத்திரமாகத் தெரியும். அந்த இடத்தில் ரப்பர் பசை தடவி ஒட்டுப் போட வேண்டும்.

ஒதீலும் கிளெமான்ஸும் வெறுங்காலோடு நுழைந்தார்கள். ஒதீல் பக்கம் பழுப்பு இருட்டு, கிளெமான்ஸ் பக்கம் மஞ்சள் வெளிச்சம். நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போனார்கள்.

"இங்க உள்ள இருக்கறது எனக்குப் பிடிக்கும்," என்றாள் கிளெமான்ஸ். அவள் குரலில் மதாம் எல்லாம் காணாமல் போயிருந்தது. "வெளிய உசரம் தெரிஞ்சாத்தான் பயம். ஸ்டூல் மேல ஏறி நின்னாலே எனக்குத் தலை சுத்தும்டி. இன்னிக்கு வரைக்கும் மாடி ஜன்னல் கிட்டப் போனதில்ல. எங்க கொட்டகையில உங்க கிறுக்கு வழக்கம் இல்ல பாரு, தப்பிச்சேன்."

ஒதீல் கையிலிருந்த ஒட்டுத்துணியோடு நின்றாள். ஃபிர்மேனின் ஆட்கள் நாளைக்கு மஞ்சள் பட்டையைப் பார்த்ததும் என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிவிடலாமா? சொன்னால் இவள் இப்போதே ஏணியில் ஏறிப் போய்விடுவாள். ஒதீல் சொல்லவில்லை. அடுத்த ஓட்டைக்குப் பசை தடவினாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பீப்பாய்கள் குமுறி, ஹைட்ரஜன் ஏறி, கத்தரிக்காய் முற்றத்தில் நிமிர்ந்து நின்றது, மஞ்சள் வயிற்றோடு. பாதி பூலோன் மேட்டில் கூடியிருந்தது. வெர்னூ கூடைக்குள் ஏறி எஞ்சினைத் தடவிக்கொடுத்தார். ஒதீல் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்து, பெயர்போன வலது காலைக் கூடைக்குள் வைத்தாள்.

ஆட்கள் கயிற்றைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கப்பல் தரையில் அடித்த முளைகளில் கட்டுண்டு ஆடியது.

"என்னய்யா, எடு கயித்தை!" என்று கத்தினாள் ஒதீல்.

ஃபிர்மேன் புருஷன் முகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். "மஞ்சப் பட்டை யாரு தைச்சது?"

"அது பக்கத்துக் கொட்டகை."

"எந்தக் கொட்டகையா இருந்தா எங்களுக்கு என்ன? தைச்சவ ஏறட்டும்."

கூட்டம் கிளெமான்ஸைத் திரும்பிப் பார்த்தது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "நான் ஏறமாட்டேன். என் தையல் நல்ல தையல். நீங்கதானே இழுத்துப் பாத்தீங்க!"

"நல்ல தையல்னா ஏறு," என்றான் ஃபிர்மேன்.

ப்ரொஸார் கெஞ்சினார், வெர்னூ மீசையைப் பிடித்துக்கொண்டார். ஆட்கள் அசையவில்லை. ஒதீல் தன் காலைப் பார்த்தாள். கூடைக்குள் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வெயிலும் இருந்தது, காற்றும் அளவாக இருந்தது. அவள் காலை வெளியே எடுத்தாள். நேராகக் கிளெமான்ஸிடம் போனாள்.

"நேத்தே எனக்குத் தெரியும்டி. இவனுங்க கேப்பானுங்கன்னு. சொல்லாம இருந்துட்டேன், தப்பு. உன்னால முடியலன்னா வேணாம். கப்பல் கெடக்கட்டும். நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து குடை வெட்டப் போவோம்."

கிளெமான்ஸ் அவளை முறைத்தாள். "உனக்கு மேல போகணும்னு ஆசை இல்லையா?"

"உசிரே போகுது, அவ்வளவு ஆசை."

"அப்ப ஏன்டி காலை எடுத்த, மடைச்சி!" கிளெமான்ஸ் ஒதீலின் கையைப் பிடித்தாள், பிடித்த இடம் கன்றிப்போகிற அளவுக்கு. "நீயும் வரணும். நான் கண்ணைத் திறக்கமாட்டேன். எதையும் பாருன்னு சொல்லக்கூடாது."

இருவரும் கூடைக்குள் கால் வைத்தார்கள். ஃபிர்மேன் கையை அவிழ்த்தான். கயிறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன.

ஆனால் கப்பல் எழவில்லை. ஒருத்திக்குக் கணக்குப் போட்ட கப்பலில் இரண்டு பேர், இருவருமே ஒன்றும் ஒல்லி இல்லை. மணல் மூட்டைகள் போயின. நங்கூரம் போயிற்று. வெர்னூவின் பூட்ஸ் போயிற்று, பெண்களின் மரச்செருப்பும் போயிற்று. யாரோ கொடுத்த ஷாம்பேன் புட்டியை வெர்னூ மனசில்லாமல் நீட்டினார். கிளெமான்ஸ் கண்ணைத் திறக்காமலே ரவிக்கைக்குள் கையை விட்டு, எஃகுப் பட்டை வைத்த இடுப்புக் கச்சையை உருவி வெளியே எறிந்தாள். சலவைக்காரர்கள் ஹோவென்று கூவினார்கள். அப்படியும் கூடை தரையை உரசிக்கொண்டே நின்றது.

ப்ரொஸார் திடீரென்று தன் கொட்டகைக்கு ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. திரும்பியபோது தோளில் ஒரு கயிற்றுச் சுருள். "உன் வால்கயிறு இரும்புக் கனம்யா. இது மெல்லிசு, நல்ல சணல். எனக்குன்னு வச்சிருந்தேன். மாத்து, மாத்து!"

இறங்கும்போது கீழே இருப்பவர்கள் பிடிக்கத் தொங்கவிடுகிற வெர்னூவின் தடித்த வால்கயிறு கழன்று விழுந்தது. ப்ரொஸார் தன் கயிற்றைத் தன் கையாலேயே கட்டினார். கூடை தரையை விட்டது.

"எல்லாரும் விடுங்க!" என்றார் வெர்னூ.

எல்லாக் கைகளும் ஒன்றாக விட்டன. மேடு கீழே போயிற்று. எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது, விசிறி சுற்றியது, கப்பல் மூக்கைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் புறப்பட்டது. ஒதீல் அழுதுகொண்டே சிரித்தாள். இப்படி ஒன்று உலகத்தில் வேறு யாருக்கும் நடந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பூலோன் வந்தது. சலவைக்கூட முற்றங்களில் வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. மாதா கோயில் கோபுர உச்சியில் காற்றுத் திசை காட்டும் தகரச் சேவல் அவர்கள் காலுக்கடியில் இருந்தது. வெர்னூ சுக்கானை இழுத்தார். கத்தரிக்காய் யோசித்தது, அப்புறம் திரும்பியது. காற்று சொன்ன பக்கம் இல்லை, மனிதன் சொன்ன பக்கம். கீழே சந்தைத் திடலில் ஒரு ஏப்ரன் கட்டிய உருவம் அண்ணாந்து வாயைத் திறந்து நின்றது.

ஒதீல் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குரல் கிழியக் கத்தினாள்.

"ஆர்மாந்த்! ஏ ஆர்மாந்த்! மேல வந்தாச்சுடி! மீன் என்ன விலை?"

கிளெமான்ஸுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கிற அவசரத்தில் கண்ணைத் திறந்துவிட்டாள். திறந்தவள் கீழே பார்க்கவில்லை, மேலே பார்த்தாள். வெயில் பட்டு மஞ்சள் பட்டைகள் ஒளிர்ந்தன. மூன்று வரிசைத் தையல் ஒவ்வொன்றும் தெரிந்தது.

"ஒதீல், என் தையல் நிக்குதுடி," என்றாள் மெதுவாக.

"பக்கத்துலயே என்னுதும் நிக்குது, பாரு."

திரும்பும்போது ஆற்றின் நடுவில் வந்தது சோதனை. தண்ணீரின் குளிர்ச்சி மேலே ஏறி வாயு சுருங்கியது. கப்பல் இறங்கத் தொடங்கியது. படகுக்காரர்கள் துடுப்பைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"எடை! எதையாவது போடுங்க!" என்றார் வெர்னூ.

மணல் எல்லாம் எப்போதோ தீர்ந்திருந்தது. கிளெமான்ஸ் செர்ரிப்பழம் வைத்த தன் தொப்பியைக் கழற்றி வீசினாள். ஒதீலின் தொப்பியையும் கேட்காமலே பிடுங்கி வீசினாள். "இந்த அசிங்கமும் போகட்டும்." அப்புறம் எஞ்சினுக்கு வேண்டும் என்று வெர்னூ விடாமல் வைத்திருந்த கனமான கருவிப் பெட்டியைக் காட்டினாள். "இது யாருது?"

"ஐயோ, அது ப்ரொஸாரோடது! இரவல்!" என்றார் வெர்னூ.

"எங்க ஆளுதுதானே? அப்ப நான் போடலாம்," என்றாள் கிளெமான்ஸ். பெட்டி ஸேன் நதிக்குள் போயிற்று. தண்ணீர் கூடை வரைக்கும் தெறித்தது. கத்தரிக்காய் பெருமூச்சு விட்டமாதிரி மேலே எழும்பி, கரையைத் தாண்டி, மேட்டுக்கு ஏறி, கிளம்பிய முற்றத்துக்கே வந்தது. ப்ரொஸாரின் வால்கயிறு தரையில் விழுந்தது. அதைப் பிடிக்க இரண்டு கொட்டகை ஆட்களும் பாய்ந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ப்ரொஸார் பிடித்தார், பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பெட்டி விஷயம் அவருக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஒதீல் கொஞ்சம் தாமதமாகவே போனாள். பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஆர்மாந்த் இருப்பதிலேயே பெரிய மீனை எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள்.

"விலை கேட்டியே, அத்தனை பேர் முன்னால. விலை கிடையாது, எடுத்துக்கோ. ஆனா அடுத்த தடவை மேல இருந்து கத்தும்போது நல்ல மீன்னு சேர்த்துக் கத்து."

வெர்னூ கொட்டகைக்குப் பூட்டு விழவில்லை. அவருடைய எஞ்சின் சுவரைத் தாண்டிப் போயிற்று. வசந்தத்தில் ப்ரொஸாரின் கப்பல் தயாரானது, முழுக்க மஞ்சள். கயிறு பிடிக்க அங்கேயும் ஃபிர்மேனின் ஆட்களே வந்தார்கள். கிளெமான்ஸ் தானாகவே வந்தாள், கண்ணைத் திறந்துகொண்டே. கூடைக்குள் ஒரு காலும் வைத்தாள்.

ஆட்கள் கயிற்றைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இப்ப என்னய்யா உங்களுக்கு?" என்று ப்ரொஸார் முகம் சிவக்கக் கத்தினார். "தைச்சவதான் ஏறியாச்சே! இதுல வெர்னூ துணி ஒரு முழம்கூட இல்ல!"

"துணி இல்லாட்டி என்ன?" என்றான் ஃபிர்மேன், கையை அவிழ்க்காமலே. "இன்னொருத்தியும் வரட்டும்."

மேட்டுப் பாதையில், ஒரு கையில் பாவாடையும் இன்னொரு கையில் காகிதம் சுற்றிய மீனுமாக, ஒதீல் ஓடி வந்துகொண்டிருந்தாள். "கிளம்பிடாதீங்கடா! வந்துட்டேன்!" கிளெமான்ஸ் கூடைக்குள்ளிருந்து கையை நீட்டினாள். "மீனைக் கீழ போட்டுட்டு ஏறுடி, கனம்!" என்றாள். ஒதீல் மீனைப் புருஷன் கையில் திணித்துவிட்டு வலது காலை உள்ளே வைத்தாள். ஃபிர்மேன் மீனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கயிற்றை எடுத்தான்.